ஏழாம் இலக்க அட்டை

நான் ஒரு தடவை பழிவாங்கியிருக்கிறேன். ஐந்து கேள்விகள் கேட்டு முடிக்கும் நேரம்தான் அது நீடித்தது. கையில் இருந்தவை ஒரு போனும் கொஞ்சம் கடதாசியும். கடைசியில் நான் வருந்துவேன் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நாவலப்பிட்டிக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் தரம் முடிந்ததும் டவுன் பாடசாலை ஒன்றில் என்னைச் சேர்க்க அப்பா கூட்டிவந்தார். விண்ணப்பத்தில் பெருவிரலை மையில் அழுத்தி வைத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கணித ஆசிரியர், வெளியே போய்த் துடைக்கும்படியும் சுவரில் கை வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். அப்பா வெளியே போகவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாரத்திலேயே துடைத்துக்கொண்டார்.

அந்தக் கணித ஆசிரியர் மோசமாகப் படிப்பித்தார் என்று சொல்ல முடிந்தால் எனக்கு வசதியாக இருக்கும். அவர் நன்றாகவே படிப்பித்தார், முதல் இரண்டு வரிசைகளுக்கு. தோட்டத்திலிருந்து வந்த நாங்கள் ஆறு பேரும் கடைசி வாங்கில் உட்கார்ந்தோம். எங்கள் பஸ் பிந்தும், பிந்தி வருகிறவர்கள் மற்றவர்களைக் குழப்பாமல் பின்னால் இருக்கட்டும் என்பது அவர் வைத்த சட்டம். பஸ் நேரத்துக்கு வந்த நாட்களிலும் சட்டம் மாறவில்லை.

எட்டாம் தரத்தில் ஒருநாள் கரும்பலகையில் முக்கோணி ஒன்று வரைந்தார். இரண்டு கோணங்கள் நாற்பதும் எழுபதும், மூன்றாவது எத்தனை என்று கேட்டார். முன் வரிசையில் ஒருத்தி அறுபது என்றாள். இன்னொருவன் எண்பது என்றான். என் கை மேலே இருந்தது. வலித்தபோது இடது கையால் முழங்கைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள் பொறுக்காமல், நான் கை தூக்குவதை அவருக்குச் சொல்லியும் விட்டாள். அவர் திரும்பினார்.

"பின்னால இருக்கிற கை எனக்குத் தெரியாதும்மா. கொழுந்துக் கூடையோட தூக்குனா தெரியுமோ என்னவோ."

வகுப்பு சிரித்தது. எங்கள் வாங்கிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களை நான் அப்போதே மன்னித்துவிட்டேன், அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. எழுபது என்று அவரே பலகையில் எழுதினார். நான் கையை இறக்கினேன். அதற்குப் பிறகு அவருடைய பாடத்தில் அது மேலே போகவில்லை.

பத்து வருடங்களுக்குப் பிறகு அதே பாடசாலைக்குக் கணித ஆசிரியையாக நியமனம் கிடைத்தது. அவர் இப்போது இடைநிலை வகுப்புகளுக்குப் பொறுப்பான பகுதித் தலைவர். என் ஊர் எது என்று முதல் நாளே கேட்டார். நான் இங்கேதான் படித்தேன் என்றதும் எந்த வருடம் என்றார். என்னை அவருக்குக் கொஞ்சமும் ஞாபகம் இல்லை. ஆனால் அந்த வாரம் முடிவதற்குள், ஆசிரியர் அறையில் தேநீர்க் கோப்பையும் கையுமாக எல்லோருக்கும் சொல்லத் தொடங்கிவிட்டார்: "இவ நான் படிச்சுக் குடுத்த புள்ள."

மறந்ததை மன்னித்திருப்பேனோ என்னவோ. உரிமை கொண்டாடியதை மன்னிக்கவில்லை.

அந்தப் பாடசாலைத் தவணையில்தான் கண்டியில் ஒரு நாள் பயிற்சி நடந்தது. ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தக்கூடிய இலவச இணையத் தளங்களைப் பற்றியது. வினாடி வினா, படம் இழுத்துப் பொருத்துவது, எல்லோரும் ஒரே பக்கத்தில் எழுதுவது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார்கள். இலவசம் என்பது உண்மைதான். ஆனால் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு போன் வேண்டும். நான் படிப்பித்தது எட்டு சி வகுப்பு. முப்பத்தொரு பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேரின் வீட்டிலேயே ஒரு போன்தான். நான் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டேன்.

பக்கத்துக் கதிரையில் மடவளையிலிருந்து வந்த ஒரு ஆசிரியை இருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது கூட. நான் பேனையை மூடியதைப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்து என் மடியில் வைத்தார். ஒவ்வொன்றிலும் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு கோலம். ஒரு கோலம் இன்னொன்றைப் போல இல்லை.

"இதுக்குப் புள்ளைகள்ட கையில போன் தேவல்ல தங்கச்சி. ஒங்கட போன் ஒண்டு ஈக்கிதானே, அது போதும்."

ஆளுக்கு ஒரு இலக்க அட்டை. நான்கு ஓரங்களிலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. பிள்ளை தன் விடைக்குரிய எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பித் தூக்க வேண்டும். ஆசிரியர் போன் கெமராவை வகுப்பின் மேலாக ஒருமுறை கொண்டுபோனால் போதும், யார் என்ன சொன்னார்கள் என்பது பெயரோடு பதிவாகிவிடும். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுத முடியாது, அவருடைய கோலம் வேறு. கெமராவுக்கு முன் வரிசை, பின் வரிசை கிடையாது. இதைக் கேட்டபோது எனக்கு என்ன நடந்தது என்று அந்த ஆசிரியைக்குத் தெரியாது. ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் தந்தார். விரல் கறுப்புக் கட்டத்தில் படக் கூடாது, பட்டால் போனுக்கு அந்தப் பிள்ளை வகுப்பிலேயே இல்லாத மாதிரித்தான்.

அன்றைக்கே மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் அச்செடுத்து, பழைய அப்பியாசக் கொப்பி மட்டைகளில் ஒட்டினேன்.

முழுப் பயனும் கிடைக்க வேண்டுமென்றால் புரொஜெக்டர் தேவை. பதில் பதிவாகும்போது திரையில் பிள்ளையின் பெயர் நிறம் மாறும், தன் பெயர் மாறுவதைப் பிள்ளையே பார்க்கும். எங்கள் பாடசாலையில் ஒரே ஒரு புரொஜெக்டர் அறைதான். எட்டு சிக்கு வாரம் ஒரு பாடவேளை கேட்டேன். எட்டு சிக்குக் கரும்பலகையே அதிகம் என்றார் பகுதித் தலைவர். அதிபர் கொஞ்சம் இளகியவர். முதலில் ஆசிரியர்களுக்கு ஒரு செயலமர்வு நடத்திக் காட்டச் சொன்னார். பாடவேளைகளைப் பிரிக்கும் நேரசூசியில் கையெழுத்து வைக்க வேண்டியவர் பகுதித் தலைவர்.

"அவரு மனசு குளிர்ந்தா வச்சிருவாரு. கொஞ்சம் பாத்து நடத்துங்க மிஸ்" என்றார் அதிபர்.

ஆகவே, அந்தப் புதன்கிழமை நான் எதை வைத்து விளையாடினேன் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

அவரே எழுந்து என்னை அறிமுகம் செய்தார், நான் படிச்சுக் குடுத்த புள்ள என்று. பிறகு மேற்பார்வைக்கு வந்தவர்போலக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். வரவு இடாப்பில் பெயர் வரும் ஒழுங்கில் அவருக்கு ஏழாம் இலக்க அட்டை. எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். விரலைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தபோது பார்த்தேன்: அவர் ஏற்கெனவே கடிதக் கோவை ஒன்றைப் பிடிப்பதுபோல அட்டையைப் பிடித்திருந்தார். பெருவிரல் கறுப்பு மூலையின் மேல். சொல்ல வந்ததை விழுங்கினேன். ஆங்கில ஆசிரியையின் விரலும் மறைத்தது. அவரிடம் குனிந்து மெதுவாகச் சொல்லித் திருத்தினேன்.

முதல் கேள்விக்குத் திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. ஒரு பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது. அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டாவதில் அட்டையைக் கொஞ்சம் உயர்த்தினார். மூன்றாவதில் தலைக்கு மேல் தூக்கினார். நான்காவதில் கை வலித்திருக்க வேண்டும், இடது கையால் முழங்கைக்கு முட்டுக் கொடுத்தார். நான் அதைக் கண் இமைக்காமல் பார்த்தேன். விளையாட்டுப் பயிற்சி ஆசிரியர், சேர் இன்றைக்கு லீவா, இடாப்பில் ஆளே இல்லையே என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஐந்தாவது கேள்வி அந்த முக்கோணி. நாற்பது, எழுபது, மூன்றாவது எத்தனை. போனோடு வரிசைகளுக்கிடையே நடந்து அவர் முன்னால் போய் நின்றேன். அவருடைய அட்டையில் சி மேலே இருந்தது. எழுபது. சரியான விடை. கிட்டப் போய்ப் பார்த்த மற்ற இரண்டு கேள்விகளிலும் சரியாகத்தான் வைத்திருந்தார். கெமரா அவரைத் தாண்டிப் போனது.

"மிஸ், என் பேரு வரவே இல்லையே. நான் தூக்கிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"பின்னால இருக்கிற கை தெரியலையே சேர்."

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அதில் எதுவும் அசையவில்லை. "அப்ப முன்னால வந்து ஒக்காரட்டுமா?" என்று கேட்டார். அவ்வளவு இயல்பாக. முன்னால் ஒரு கதிரை தனக்குக் கிடைக்கும் என்பதில் ஒரு மனிதருக்கு இவ்வளவு நிச்சயம் இருக்க முடியுமா என்று எனக்கு வியப்பாக இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பதே எங்கள் ஆறு பேருக்கும் அன்று தோன்றியதில்லை.

நேரம் முடிந்துவிட்டது என்றேன். முடிவுகளைத் திரையில் போட்டேன். கடைசிப் பெயர் அவருடையது, ஐந்துக்கும் பதில் இல்லை. பெயர்களை மறைக்க ஒரு பொத்தான் உண்டு. நான் தொடவில்லை. தேநீரும் ரோல்ஸும் வந்து எல்லோரும் தின்று முடிக்கும்வரை அந்தப் பட்டியல் சுவரில் நின்றது.

அறை காலியானதும் என் மேசைக்கு வந்தார். ஏழாம் அட்டையை வாங்கி, என் போனுக்கு முன் இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்தார். கணிதக்காரர்தானே, ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டார்.

"விரலா?"

"ஆமா சேர்."

"நீங்க பாத்தீங்களா?"

"மொத கேள்விக்கு முன்னமே பாத்துட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அப்போது சொன்னேன். எட்டாம் தரம், கடைசி வாங்கு, கொழுந்துக் கூடை, எல்லாவற்றையும். குரல் உயரவில்லை, அதில் எனக்கு இன்றும் பெருமை. அவர் அட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். தனக்கு ஞாபகம் இல்லை என்றார். பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"அதத்தான் சேர் சொல்றேன்" என்றேன்.

திங்கட்கிழமை நேரசூசி வந்தது. புரொஜெக்டர் பாடவேளை எட்டு ஏ வகுப்புக்குப் போயிருந்தது. அதிபர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான் தீர்த்த கணக்குக்கு விலை கொடுத்தது நானல்ல, எட்டு சியின் முப்பத்தொரு பிள்ளைகள். தெரிந்தேதான் செய்தேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு விரலை எடுக்கச் சொல்லியிருந்தால் அவர்களுக்கு அந்தத் திரை கிடைத்திருக்கும். அந்தப் புதன்கிழமை திரும்ப வந்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன்.

திரை இல்லாமல் நடத்தினோம். முப்பத்தொரு பெயர்களையும் கரும்பலகையில் எழுதினேன். போனில் பதிவாகப் பதிவாக, ஒரு பிள்ளை பெயருக்கு நேரே சோக்கால் சரி போடும். மெதுவான வேலை. ஒரு பாடவேளையில் மூன்று கேள்விகளுக்கு மேல் போகாது. ஆனால் ஒரு பெயராவது வெறுமையாக நின்றால் அடுத்த கேள்வி கிடையாது. அது நான் வைத்த சட்டம்.

ஒருநாள் பாதி வகுப்பில் அவர் விறாந்தையில் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் ஜன்னலருகே நின்றார். பலகையில் முப்பது பெயர்களுக்குச் சரி விழுந்திருந்தது. மிச்சம் ஒன்று. கடைசி வாங்கில், எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிற ஒருத்தி. ஏழாம் இலக்க அட்டை இப்போது அவளுடையது. அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தாள், பெருவிரல் கறுப்பு மூலையில்.

ஜன்னலைப் பார்க்காமல், ஆனால் ஜன்னலுக்கும் அப்பால் கேட்கும்படி சொன்னேன்:

"விரல எடும்மா. நீ தூக்குறது எனக்குத் தெரியுது."