நானூற்றுப் பன்னிரண்டு ஏழுகள்

ஸ்டெல்லாவின் வேலை போனதற்குக் காரணம் நான். அவர் பெயருக்குள் நுழைந்து கணினியில் பொய்யை ஏற்றியவன் நான். விசாரணையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடித்தவனும் நான்தான்.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்டு அல்ல... அதைத் தர வேண்டியவர் நீங்கள் இல்லையே!

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பொறியியல் பட்டத்தின் சூடு ஆறாதவன். ஈ.ஆர்.பி. என்ற மூன்றெழுத்தைக் கேட்டாலே உடம்பில் மின்சாரம் ஓடும். ஒரு கம்பெனியின் கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, விற்பனை... எல்லாம் ஒரே மென்பொருளுக்குள்! கிடங்கில் ஒரு திருகாணி குறைந்தால் கொள்முதல் மேசைக்குத் தானாகத் தெரியும்! எந்தப் பொருளை எப்போது ஆர்டர் செய்ய வேண்டும் என்று கணினியே சொல்லும்! இதற்குமேல் மனிதனுக்கு என்ன வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேனா? மேடை போட்டுப் பேசினேன்.

தி.நகரில் தலைமை அலுவலகம் வைத்திருந்த ஒரு பம்புசெட் கம்பெனிக்கு அந்த மென்பொருளை நிறுவப் போனோம். நிரல் எழுத ஒருவர், யார் எதைத் தொடலாம் என்ற அனுமதிகளைக் காக்க ஒருவர், எல்லோரையும் விரட்ட ஒரு மேனேஜர். கம்பெனி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டு, அதை மென்பொருளுக்குப் புரியவைக்கும் ‘கன்சல்டன்ட்’ நான். கம்பெனியின் தரப்பில் எனக்கு விவரம் சொல்லும் ‘கீ யூசர்’ ஸ்டெல்லா.

சாந்தோம்காரர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் கொள்முதல் பிரிவில் இருந்தார். சிஸ்டம் நல்லபடியாக ஓடத் தொடங்கினால் பங்குனியில் வேலை நிரந்தரம் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டில் வேறு சம்பளம் இல்லை. அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் எங்கள் பரபரப்பையெல்லாம் பொறுத்துக்கொண்டார்.

மாதம் ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி கணினி அடம்பிடிக்கும். அவர் அதற்கொரு விளையாட்டு வைத்திருந்தார். வீட்டிலிருந்து அலுவலகம் வரும் பஸ்ஸின் நிறுத்தங்கள், மாதத்துக்கு ஒன்று. சாந்தோம், லஸ், ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை, பனகல் பார்க்.

“பனகல் பார்க் வரும்போது பர்மனென்ட் ஆர்டர் கையில இருக்கும் பாருங்க, கன்சல்டன்ட் சார். அப்புறம் உங்களுக்கு எங்க வீட்ல மீன் கொழம்பு.”

“நான் சைவம் மேடம்.”

“அப்போ மொளகுத் தண்ணி குடிச்சிட்டுப் போங்க!”

அப்படித்தான் பேசுவார்.

தொடக்க நாளைக் குறித்தது நாங்கள் அல்ல. முதலாளி வீட்டு ஜோசியர். கார்த்திகையின் கடைசி முகூர்த்தம், திங்கட்கிழமை காலை ஒன்பது மணி.

“இத விட்டா மார்கழி. அப்புறம் தை வரைக்கும் நாம சும்மா உக்காந்துண்டு இருக்கணும்” என்றார் எங்கள் மேனேஜர். மயிலாப்பூர்க்காரர். “வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள டேட்டா ஏறலேன்னா, நான் ஆத்துக்குப் போகாம நேரா காசிக்கே போயிடுவேன், தெரிஞ்சுக்கோ!”

எல்லாம் ஏறிவிட்டது... ஒன்றைத் தவிர. ஒவ்வொரு பொருளும் ஆர்டர் போட்ட எத்தனையாவது நாள் வந்து சேரும் என்ற விவரம். நானூற்றுப் பன்னிரண்டு பொருள்களுக்கு அது ஸ்டெல்லாவின் நோட்டில் மட்டுமே இருந்தது. நீல அட்டை போட்ட நீள நோட்டு. அதை நான் முன்பே வாங்கி என் பையில் வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஏற்ற இன்னும் பத்து நாள் வேண்டும் என்று அவர் கேட்டார். நான் சிரித்தேன். முகூர்த்தத்திடம் போய்க் கேளுங்கள் என்றேன்.

அந்த வெள்ளி, மாதத்தின் முதல் வெள்ளி. அன்று அவர் சாந்தோம் கோயிலில் நண்பகல் பூசையைத் தவறவிட மாட்டார். பொருள் விவரங்களை ஏற்றும் அனுமதியோ அவர் பெயருக்கு மட்டும்தான் இருந்தது.

“ரெண்டு மணிக்குள்ள வந்துர்றேன். அதுவரை உங்க வேலை நிக்கக் கூடாது இல்ல?” என்று சொல்லி, நாள்காட்டித் தாளின் பின்புறம் ஒரே சொல்லை எழுதி என் கையில் திணித்தார். லஸ்.

கடவுச்சொல்லை யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவர் அவர். என்னை நம்பித் தந்தார்.

பையில் நோட்டு இருந்தது. எடுத்து அடித்திருக்கலாம். எத்தனை முடியுமோ அத்தனையாவது! நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் கணினி ஏற்காது. ஏதாவது ஓர் எண் வேண்டும். ஏழு என்று போட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு பொருள்களுக்கும் ஏழு... ஏழு... ஏழு! உள்ளூர் நட்டுக்கும் ஏழு நாள். ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பம்பு சீலுக்கும் ஏழு நாள். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் பூசையிலிருந்து திரும்பியதும், “முடிச்சிட்டேன் மேடம்!” என்றேன். எவ்வளவு பெருமை என் குரலில்!

அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து எனக்குக் கடலைமிட்டாய் தந்தார். தின்றேன்.

திங்கட்கிழமை தேங்காய் உடைத்தோம். ஓடியது. கைதட்டினோம்.

பொங்கல் கழிந்து ஒருநாள் ஸ்டெல்லா வந்து நின்றார்.

“சார், அந்த ஜப்பான் சீலு... வழக்கமா கிறிஸ்மஸுக்கு முன்னாடியே ஆர்டர் போட்ருவேன். உங்க சிஸ்டம் இன்னும் வாயே தொறக்கல. இன்னா விஷயம்?”

“அது கணக்குப் போட்டுத்தான் சொல்லும் மேடம். நீங்க நோட்டை விடுங்க.”

“நோட்டு உங்ககிட்டதான கீது! நான் எங்கேர்ந்து உடறது?”

சிரித்துவிட்டுப் போனார். நான் திறந்து பார்த்தேன். ஏழு. சரக்கு தீர ஏழு நாள் இருக்கும்போது ஆர்டர் போட்டால் போதும் என்று கணினி காத்திருந்தது. அன்றே திருத்தியிருக்கலாம்! ஆனால் தொடங்கிய பிறகு திருத்துவதானால் காரணம் எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எங்களில் யாரை அமெரிக்காவுக்கு அனுப்புவது என்ற பட்டியல் அந்த வாரம்தான் தயாராகிக்கொண்டிருந்தது. பட்டியல் வரட்டும் என்று ஒத்திப்போட்டேன். வந்தது. அதில் என் பெயர் இருந்தது. அதன் பிறகு வாய் திறப்பது இன்னும் கடினமாயிற்று... ஏன் என்று உங்களுக்குத் தெரியாதா?

மாசியில் சீல் தீர்ந்தது. பம்புக்குள் தண்ணீர் கசியாமல் தடுக்கும் உள்ளங்கை அகல வளையம். அது இல்லாமல் பம்பு இல்லை. கோடைக்கு முன்பு, பம்பு விற்கும் காலத்தில், தொழிற்சாலை நின்றது.

விசாரணை. அனுமதி காப்பவர் அச்சடித்த தாளை மேசையில் வைத்தார். யார், எப்போது, எதை ஏற்றினார்கள் என்று அதில் இருந்தது. ஸ்டெல்லாவின் பெயர். முதல் வெள்ளி, பகல் பன்னிரண்டு ஐம்பது.

அந்த நேரத்தில் அவர் கோயிலில் முழங்காலிட்டிருந்தார். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அவர் என்னைப் பார்த்தார். நான் டம்ளரை எடுத்தேன். குடித்தேன். அவ்வளவு நீளமாக நான் தண்ணீர் குடித்ததே இல்லை.

“அவசரத்துல நான்தான் போட்டுட்டேன் போல சார்” என்றார் முதலாளியிடம்.

ஏன் அப்படிச் சொன்னார்? கடவுச்சொல்லைத் தந்ததும் குற்றம்தான், எப்படியும் தப்ப முடியாது, இருவர் போவானேன் என்று நினைத்தாரா? நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதியையும் அந்த டம்ளரோடு கீழே வைத்துவிட்டேன்.

மாடிப்படியில் என்னைக் கடக்கும்போது நின்றார். கோபமே இல்லை.

“நீங்க தண்ணி குடிச்சு முடிச்சதும் சொல்லுவீங்கன்னு பாத்துகினே இருந்தேன், சார்.”

மறுநாள் அவருடைய கணக்கை முடக்கிவிட்டார்கள். அந்த மாதக் கடவுச்சொல் தேனாம்பேட்டை. இன்னும் ஒரே ஒரு நிறுத்தம் பாக்கி...

மூன்று வருடமாகிவிட்டது. வராமல் இழுத்தடித்த விசா இப்போது வந்துவிட்டது. அடுத்த வாரம் விமானம். போன முதல் வெள்ளி, நீல நோட்டை எடுத்துக்கொண்டு சாந்தோம் கோயில் வாசலில் போய் நின்றேன். பூசை முடிந்து வந்தார். மந்தைவெளியில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாராம். மெலிந்திருந்தார்.

“இன்னா கன்சல்டன்ட் சார், வெய்யில்ல நிக்கிறீங்க?”

நோட்டை நீட்டினேன். “உங்க நோட்டு மேடம்” என்று மட்டும் சொன்னேன். அவர் பிரித்தார். தன் எழுத்தைத் தானே படித்தார். ‘சீல். கப்பல். தொண்ணூறு நாள்.’ சிவப்பு மையில் இரண்டு அடிக்கோடு. விரலால் அந்தக் கோட்டைத் தடவினார்.

“இத வச்சுகினு நான் இன்னா பண்றது? நீங்களே வச்சிக்கிங்க” என்று மூடி, என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு நடந்தார். வேகமாகக்கூட நடக்கவில்லை.

பஸ் வந்தது. ஏறினேன். மடியில் நோட்டு. கண்டக்டர் இரண்டு முறை கேட்டிருக்கிறார்.

“எங்க போவணும் நைனா? வாயத் தொறந்து சொல்லு!”

என் அலுவலகமும் பனகல் பார்க் அருகில்தான். அந்தப் பெயர் வரவில்லை.

“தேனாம்பேட்டை” என்றேன்.