டவர் இல்லாத உப்புவெளி

கல்யாணமாகி முப்பது வருடம் ஆனதற்காக மகன் எங்கள் இருவரையும் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி வைத்தான். அவனுக்கு எங்கள் ஊரை அடுத்த கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. பெற்றோரைக் குற்றாலத்துக்கு அனுப்பினேன் என்று சொன்னால் ஆபீசில் மானம் போய்விடும் போலிருக்கிறது. போட்ஸ்வானாவில் சிங்கம் உண்டு, யானை உண்டு, கண்ணுக்கெட்டிய மட்டும் உப்புத் தரை உண்டு என்றான். எனக்குச் சிங்கமும் வேண்டாம், உப்பும் வேண்டாம். சாலை என்ற பெரிய கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், ஒரு நாளாவது மண்டியை மறந்துவிட்டு என்னோடு உட்கார்ந்து பேச வேண்டும். அதற்காகத்தான் கிளம்பினேன்.

சஃபாரி என்பது வசதியுள்ளவர்கள் கைக்காசைக் கொடுத்து வசதியில்லாதவர்களாக நடிக்கும் ஏற்பாடு. தங்குவது கூடாரம்தான், உள்ளே கட்டில், கம்பளம், பித்தளைக் குழாய். கூட வந்த வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் காக்கி உடுத்தியிருந்தார்கள். இல்லாவிட்டால் மிருகங்கள் முகம் கொடுக்காது போலும். விடியும் முன்னே எழுப்பி, ஜீப்பில் போட்டு உலுக்கி, தூங்குகிற சிங்கத்தைக் காட்டினார்கள். நம்மூர் மிருகசாலையிலும் அது தூங்கத்தான் செய்கிறது. அங்கே இடுப்பு நோகாமல் பார்த்துவிட்டு வரலாம்.

என் வீட்டுக்காரரோ சிங்கத்துக்கு முதுகைக் காட்டி எழுந்து நின்று, கிடைத்த அரைகுறை சிக்னலில் கடைக் கணக்கப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். "செவப்பு மட்ட அரிசி லோடு வந்திச்சாடே? நனைஞ்ச சாக்க எறக்காண்டாம், கேட்டியா!" அவர் போட்ட கூச்சலில் சிங்கம் எழுந்து போய்விட்டது. நான்தான் அதை விரட்டியதுபோல எல்லோரும் என்னை முறைத்தார்கள்.

கடைசியாக உப்புவெளி. புல் இல்லை, மரம் இல்லை, டவரும் இல்லை. அதைக் கேட்டதும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வழிகாட்டி எங்களைத் தனித்தனியாகப் போய்ப் படுத்து நிசப்தத்தைக் கேட்கச் சொன்னார். இதற்கு ஆப்பிரிக்கா வரை வர வேண்டுமா? என் சாப்பாட்டு மேசையில் தினமும் கேட்கிறேன். நான் எங்கும் போகாமல் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

போன் வேலை செய்யாத மனிதர் இனி என்னிடம்தானே பேசியாக வேண்டும்? காத்திருந்தேன். அவர் தரையைச் சுரண்டினார், முகர்ந்து பார்த்தார், நாக்கில் வைத்தார்.

"கசக்கு. தூத்துக்குடி உப்புக்குக் கிட்ட நிக்காது. சும்மா குடுத்தாலும் சாலைல ஒருத்தனும் எடுக்க மாட்டான்" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இத்தனை தூரம் பறந்து வந்தும் மண்டிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

"நீயும் தின்னு பாரு" என்று ஒரு பிடி அள்ளி நீட்டியவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். எங்கள் வீடுகளில் உப்பைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் இருவருக்குள் சண்டை வரும் என்பார்கள். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அடிவானம் வரை உப்பு கிடக்கிற இடத்தில், அந்த ஒரு பிடியை மட்டும் பத்திரமாக என் முன்னால் தரையில் வைத்தார்.

"எடுத்துக்கோ. கைல தந்தா சண்டை வரும்லா."

நான் அதைத் தொடவில்லை. கையை நீட்டினேன்.

"கைலயே தாங்க. சண்டை போடவாச்சும் நீங்க எங்கிட்ட வாயத் தொறக்கணும்லா."