வண்டியே இல்லாத தீவு

வல்லரசுக்கு அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாம். தீபாவளிக்குக் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் ஒளிய இடம் தேடுகிற ஆள் அவர். எர்ணாவூர் ஹவுசிங் போர்டில் வீடு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நைட்டி மொத்தக் கடை ஒன்றில் சேல்ஸ்மேன். வயது ஐம்பதை நெருங்குகிறது, வயிற்றைத் தவிர மற்றதெல்லாம் ஒல்லி.

காலையில் எழுந்ததும் மற்றவர்கள் சாமி படத்தைப் பார்ப்பார்கள், அல்லது போனைப் பார்ப்பார்கள். வல்லரசு மொட்டை மாடிக்குப் போய் ஆலைகளின் புகைபோக்கிகளைப் பார்ப்பார். புகை எந்தப் பக்கம் சாய்கிறது? மணலிப் பக்கம் ரிஃபைனரி உச்சியில் எரிகிற அந்தத் தீ நேற்றைவிட உயரமாக இருக்கிறதா? காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்பது தெரிந்த பிறகுதான் அவருக்குத் தொண்டையில் டீ இறங்கும்.

அவருடைய பைக்குள் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதற்குள் நனைத்துப் பிழிந்த துண்டு. கேஸ் கசிந்தால் மூக்கில் கட்டிக்கொள்வதற்கு. தினமும் வீட்டுக் குழாயில் ஒரு தரம், கடைக் குழாயில் ஒரு தரம் நனைத்துக்கொள்வார். கடையில் கூட வேலை பார்ப்பவர்கள் "இன்னா வல்லரசு, குளத்துக்குப் போறியா?" என்று கலாய்ப்பார்கள். சிரித்துக்கொண்டே பிழிவார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மூன்று வருஷமாக அவர் ஆட்டோவில் ஏறியதில்லை, பஸ்ஸில் ஏறியதில்லை, முதலாளி வீட்டுக் காரில் "வாரும்வே, இறக்கி விடுதேன்" என்று கூப்பிட்டாலும் ஏறியதில்லை. நடப்பார். இல்லையென்றால் விம்கோ நகர் ஸ்டேஷனில் மின்சார ரயிலான யூனிட் டிரெயினைப் பிடிப்பார். அதில்தான் யாரும் கதவை மூடுவதில்லை. மகளைக் கும்மிடிப்பூண்டியில் கட்டிக் கொடுத்திருந்ததால் அங்கே போய்வர முடிந்தது. ரெட்ஹில்ஸில் மச்சான் வீடு. அங்கே ரயில் இல்லை. மச்சான் மகள் காதுகுத்துக்கு மனைவி பூவம்மா தனியாகப் போய், "அவருக்குக் கடைல ஸ்டாக் எடுக்குறாங்க" என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு வந்தாள்.

நடந்தது இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதச் சாயங்காலம். தேரடியில் சாமான் வாங்கிக்கொண்டு இருவரும் ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வழக்கம்போல டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. பெயரில்தான் எக்ஸ்பிரஸ். முன்னால் கன்டெய்னர், பின்னால் கன்டெய்னர், பக்கத்தில் கன்டெய்னர், நடுவில் மாட்டிக்கொண்ட ஆட்டோ. அப்போது அந்த வாடை வந்தது. மூக்கில் ஊசி ஏற்றியது மாதிரி ஒரு காரம். கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. "கேஸு! கேஸு!" என்று யாரோ அலறினார்கள். அமோனியா, எந்தக் குழாய், யாருடைய குழாய் என்பதெல்லாம் அப்புறம் பேசிக்கொண்டது. ஆட்டோ நகரவில்லை. நகர இடம் இல்லை.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த வல்லரசு குதித்தார். இரண்டு டிரெய்லருக்கு நடுவே புகுந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் மூச்சு வாங்க நின்றபோதுதான், கூட ஒருத்தி வந்தாள் என்பதே நினைவுக்கு வந்தது.

திரும்பிப் போ என்று மனசு சொன்னது. கால் கேட்கவில்லை. அங்கேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பூவம்மா வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, இருமி இருமி, கண்ணெல்லாம் சிவந்து நடந்து வந்தாள். கையில் வல்லரசின் ஒற்றைச் செருப்பு இருந்தது. அதை அவர் காலடியில் போட்டாள்.

"செருப்ப உட்டுட்டு வந்துட்டய்யா" என்றாள்.

அவ்வளவுதான். அன்றைக்கும் அதற்கு மேல் பேசவில்லை, அதற்குப் பிறகும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தெருவே கூடும்படி கத்தியிருந்தால் வல்லரசு பிழைத்திருப்பார். அவளோ மறுநாள் காலையில் எப்போதும்போல கார்ப்பரேஷன் ஸ்கூலுக்குப் பிள்ளைகளின் நாஸ்டா சமைக்கக் கிளம்பிவிட்டாள்.

கேஸுக்குப் பயந்துதான் வண்டி ஏறுவதில்லை என்று ஊர் நினைத்தது. அது பாதிதான். மீதிப் பயம் அவருக்குத் தன் கால்கள்மேல். ஒரு வண்டிக்குள் அவளோடு உட்கார்ந்து, கதவை மூடி, மறுபடி அந்த வாடை வந்தால் இந்தக் கால்கள் மறுபடி ஓடுமா? ஓடாது என்று அவரால் சத்தியம் செய்ய முடியவில்லை. சோதித்துப் பார்க்கவும் தைரியம் இல்லை.

இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் எரிமலை பார்க்கும் ஆசை வந்தது.

ஆசையைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஜஸீமா. அந்தமானில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். வருஷத்துக்கு இரண்டு தரம் கப்பலில் வந்து, மூட்டை மூட்டையாக நைட்டி வாங்கிப் போவார். ஒருநாள் பில் போடும் இடைவெளியில் போனில் ஒரு வீடியோ காட்டினார். கடல் நடுவே கரிக்கட்டை மாதிரி ஒரு மலை. உச்சியில் புகை.

வல்லரசின் கை தானாகப் பைக்குள் போனது. "இது எந்த ஃபாக்டரி அக்கா?"

"ஃபாக்டரியா? நல்லா கேட்டீங்கண்ணே! இது மலை. எரிமலை. பாரன் தீவுன்னு பேரு. யாரும் தொறந்து விடல, அதுவா புகையுது."

"ஜனங்கல்லாம் எங்க ஓடுவாங்கோ?"

"ஜனமே கிடையாது. கொஞ்சம் ஆடு திரியுது, அவ்வளவுதான்."

"ரோடு?"

"அந்தக் கரிமேல ரோடு எங்க போடுறது? அங்க ஒரு சக்கரம் உருண்டதில்ல. கப்பல்ல கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டுவாங்க, இறங்க விடமாட்டாங்க. அதுவும் எப்பவாவதுதான். நீங்க இங்கேருந்து கப்பல்ல பங்க் கிளாஸ் எடுத்து வாங்க. கடல் தாண்டப் போறதுல அதுதான் சீப். படுத்துக்கிட்டே வந்துடலாம்."

அன்றைக்கு வல்லரசு இரண்டு பில்லைத் தப்பாகப் போட்டார். மனசு அங்கேயே சுற்றியது. புகை இருக்கிறது, ஓட ஆள் இல்லை. சைரன் இல்லை. டிரெய்லர் இல்லை. போகிற வழியை யோசித்தார். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை. அங்கிருந்து பீச் ஸ்டேஷன் வரை யூனிட் டிரெயின். ரோட்டைத் தாண்டினால் ஹார்பர். அங்கிருந்து கப்பல். இறங்கினால் மறுபடி நடை. விமானம் என்ற பேச்சே இல்லை. டிக்கெட் நமக்கு எட்டாது, போதாக்குறைக்குக் கதவை வேறு இழுத்துச் சாத்திவிடுவார்கள். கப்பல் வழியில் ஓர் ஆட்டோகூட வரவில்லை. இந்த உலகத்தில் தனக்கென்று ஒரு பாதை போட்டு வைத்திருக்கிறார்கள் என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது.

கனவிலும் அந்தத் தீவு வந்தது. கறுப்பு மணலில் வெறுங்காலோடு நிற்கிறார். ஆடுகள் மேய்கின்றன. புகை நேராக மேலே போகிறது. மூச்சு வயிறு வரைக்கும் இறங்குகிறது. இதைப் பூவம்மாவிடம் சொன்னார். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு கேட்டாள்.

"எல்லாம் சரிதான்யா. அதுல நா எங்க கீறேன்?"

வல்லரசு கண்ணை மூடித் தேடிப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆடுதான் நின்றது. யாருமே இல்லாத தீவு ஏன் அவ்வளவு பிடித்தது என்பது அந்த நிமிஷம் அவருக்கே உறைத்தது. விட்டுவிட்டு ஓடுவதற்கு அங்கே ஒருத்தரும் இல்லை.

"நீ கப்பல்ல இருப்ப மே" என்று எப்படியோ சமாளித்தார்.

"ஆங். உக்காந்துகினே இருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கத்தரிக்காயை எடுத்தாள்.

ஆனால் கிளம்பலாம் என்று நின்றவளும் அவள்தான். ஸ்கூலுக்குக் கோடை லீவு விட்டதும் அலைந்து திரிந்து பங்க் கிளாஸில் இரண்டு டிக்கெட் வாங்கினாள். "சொம்மா கனவு கண்டுகினு பேஜார் பண்ணாத. போய்ப் பாத்துட்டு வந்துருவோம்" என்றாள். தீவைச் சுற்றும் கப்பல் அந்த வாரம் கிளம்புமா என்பதுகூட நிச்சயமில்லை. முதலாளி சங்கரநாராயணன் லீவு கொடுத்துவிட்டு, "ஆட்டோல ஏறப் பயப்படுத ஆளு கடலைத் தாண்டப் போறீராவே?" என்று வியந்தார்.

புறப்பட்ட அன்று எல்லாம் அவர் போட்ட வழிப்படியே நடந்தது. நடை, டிரெயின், நடை. ஹார்பர் கேட்டில் டிக்கெட்டையும் ஆதாரையும் பார்த்தார்கள், பைகளைச் சோதித்தார்கள். கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்த வல்லரசு அப்படியே நின்றுவிட்டார். பயணிகளை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கப்பல் நிற்கிற இடம் வரை நடக்கக் கூடாதாம். டிரெய்லர் ஓடுகிற இடம், பஸ்ஸில்தான் போகவேண்டுமாம். இதை ஜஸீமா சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறுவதையெல்லாம் ஒரு விஷயமாக யார் சொல்வார்கள்?

"ஓரமா நடந்து பூடறேன் சார்" என்றார் வல்லரசு.

"பஸ்ல ஏறு, இல்லாங்காட்டி வூட்டுக்குப் போ. பின்னாடி ஜனம் நிக்குது பார்" என்றார் காவலர்.

பூவம்மா முன்பே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள், கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வல்லரசு படியில் கால் வைத்தார். ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். டிரைவர் கதவை மூடினார்.

பஸ் கொஞ்ச தூரம் போய் நின்றது. முன்னால் ஒரு டிரெய்லர் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. பின்னால் இன்னொன்று வந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் மலைபோல் கன்டெய்னர் அடுக்கு. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல்கள். எதையாவது எண்ணலாம் என்று வல்லரசு ஆடுகளை நினைத்துப் பார்த்தார். ஒரு ஆடும் வரவில்லை.

அப்போது அந்த வாடை வந்தது.

லேசாகத்தான் வந்தது. ஆனால் எண்ணூர் மூக்கு இந்த விஷயத்தில் ஏமாறாது. அதே காரம், அதே ஊசி. வல்லரசின் கால்கள் அவரைக் கேட்காமல் எழுந்தன. உடம்பு சீட் வரிசைகளுக்கு நடுவே நின்றது. கண் கதவைப் பார்த்தது. குதித்தால் இரண்டு டிரெய்லருக்கு நடுவே ஓர் ஆள் புகுகிற சந்து இருந்தது, அதைக்கூட அவர் பார்த்துவிட்டார். ஐயோ, ஓடப் போகிறேன், மறுபடி ஓடப் போகிறேன் என்று உள்ளே ஒருவன் கதறினான்.

பின்னால் பிளாஸ்டிக் கவர் சரசரத்தது.

திரும்பினார். பூவம்மா தன் பையிலிருந்து ஒரு கவரை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் நனைத்துப் பிழிந்த ஒரு பழைய நைட்டித் துணி. அவசரத்தில் முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தாள். துணியின் மடிப்புகளில் பூஞ்சைக் கறை ஏறியிருந்தது. புதிதாக இன்றைக்கு நனைத்ததில்லை. இத்தனை நாள் அவளும் தினம் நனைத்து, தினம் சுமந்திருக்கிறாள். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தான் ஒருத்தன்தான் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டு, அவள் பையை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அவள் துணியை மூக்கில் அழுத்திக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாய்யா பாக்குற? ஓடணும்னா ஓடு. போன தபா உன் செருப்பத் தூக்கினு வந்தேன். இந்த தபா என்னையும் இஸ்துகினு ஓடு."

மூன்று வருஷம் கழித்து அதைச் சொன்னாள்.

வல்லரசு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் அழுந்தும்படி பிடித்தார். கால்கள் நகரவில்லை. தன் துண்டையும் எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டு, "வா, எய்ந்துரு" என்றார்.

எழுந்தவள், முன் சீட்டுக்கு மேல் குனிந்து மோந்து பார்த்தாள். இன்னொரு தரம் மோந்தாள். அங்கே ஒரு பெரியவர் கைக்குட்டையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கைக்குட்டை கரிக்கறுப்பாக இருந்தது. சட்டைக் காலரும் கறுப்பு. அந்தமானுக்குப் போகிறோமே என்று காலையில்தான் தலைக்கு டை அடித்திருந்தார். மூடிய பஸ்ஸின் புழுக்கத்தில் அது கரைந்து, டையில் இருந்த அமோனியா வாடையைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

"யோவ், இந்தாளு தலைய்யா!" என்றாள் பூவம்மா. துணிக்குள்ளேயே சிரித்தாள். பெரியவர் ஒன்றும் புரியாமல் முகமூடி கட்டிய இருவரையும் பார்த்து மிரண்டார். வல்லரசுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். குறுக்கே நின்ற டிரெய்லர் விலகி, பஸ் நகர்ந்தது.

கப்பலின் ஏணிப்படி ஒடுக்கமாக இருந்தது. "ஒவ்வொருத்தரா ஏறுங்க" என்று மேலேயிருந்து சொன்னார்கள். வல்லரசு அவள் கையை விடவில்லை. ஒருக்களித்துக்கொண்டு, பை இடிக்க, பின்னால் வந்தவர்கள் முணுமுணுக்க, இருவருமாக ஏறினார்கள். பாதி ஏணியில் அவருடைய ஒரு செருப்பு கழன்று கீழே விழுந்தது. பூவம்மா நின்று திரும்பிப் பார்த்தாள்.

"செருப்பு கெடக்குது, உடு" என்றார் வல்லரசு. "நீ வா."