ஐஸ்கிறீம் மெசின்காரர்

நோர்வேயின் ஹொல்ம்லியாத் தமிழர்களுக்குள் செபஸ்ரியனுக்கு ‘ஐஸ்கிறீம் மெசின்காரர்’ என்று பெயர். பட்டப்பெயர்தான், ஆனாலும் மரியாதையோடு சொல்வார்கள். தான் வேலைசெய்யும் தொழிற்கூடம் ஐஸ்கிறீம் கோன்களை நிரப்பும் இயந்திரங்களைச் செய்கிறது என்று, பதினைந்து வருடங்களுக்கு முன் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது அவர் சொன்னார். அன்று அது உண்மை. நான்கு வருடங்களாக உண்மையில்லை. அவர் புதிதாகப் பொய் எதுவும் சொல்லவில்லை. பழைய உண்மையைத் திருத்தாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான். யாராவது கேட்டால் சிரித்துவிட்டுப் போவார். இப்படிச் செய்கிறவர்கள் தங்களை நேர்மையானவர்கள் என்றே எண்ணிக்கொள்வது வழக்கம்.

நடந்தது இதுதான். ஐஸ்கிறீம் இயந்திரங்களை வாங்க ஆளில்லாமல் தொழிற்கூடத்தை இழுத்து மூடும் நிலை வந்தபோது, இளம் முதலாளி ஆன்ட்ரியாஸ் கனடாவிலிருந்து ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு வந்தான். அங்கே கஞ்சா சட்டப்படி கடையில் விற்கிற சாமான். கஞ்சாத் தூளைக் காகிதக் கூம்பில் அடைத்து, நடுவில் கஞ்சா எண்ணெய் ஏற்றி, நுனியை முறுக்கி, பற்றவைக்கத் தயாராக வெளியே தள்ளும் இயந்திரம் வேண்டுமாம். கை படக்கூடாது. நிமிடத்துக்கு எழுபது வரவேண்டும்.

“இதுவும் கூம்புதானே, செபஸ்ரியன். உள்ளே போவதுதான் வேறு” என்றான் ஆன்ட்ரியாஸ்.

உள்ளே போவதுதான் உயிரை வாங்கியது. எண்ணெய் தேன்போலத் தடிப்பு. ஆறினால் ஊசியை அடைத்தது. சூடு கூடினால் காகிதத்தில் ஊறிக் கறையாகியது. ஆறு மாதம் எல்லோரும் மண்டையைப் போட்டு உடைத்தார்கள். ஊசியைச் சுற்றி வெந்நீர் ஓடும் உறையொன்றைப் போட்டு, ஊசி மேலே எழும்பிக்கொண்டே எண்ணெயை விடும்படி செய்தவர் செபஸ்ரியன்தான். நோர்வேயில் கஞ்சாவைத் தொட முடியாது, அப்படியென்றால் எதைப் போட்டுச் சோதிப்பது என்று எல்லோரும் முழித்தபோது, தமிழ்க் கடையில் காய்ந்த வெந்தயக் கீரை வாங்கிவந்து அரைத்துப் போட்டவரும் அவர்தான். எண்ணெய்க்குப் பதில் சீனிப்பாகு. அச்சொட்டாகப் பொருந்தியது. அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். வாசலில் கொழுவியிருந்த மனைவியின் மஞ்சள் மேற்சட்டையைக் கண்டதும் அந்த நெஞ்சு இறங்கிவிட்டது.

மரியரஞ்சனி வெள்ளிக்கிழமை மாலைகளில் அந்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, வேறு சில பெற்றோருடன், ஊர்ப் பிள்ளைகளுக்குக் காவலாக ஹொல்ம்லியா ரயில் நிலையத்தைச் சுற்றி நடப்பவள். ஒன்பது வருடமாக நடக்கிறாள். எந்தப் பிள்ளை எந்த மரத்தடியில் கஞ்சா இழுக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் போய் இருந்து, ஏசாமல் கதைப்பாள். கீழே கிடக்கும் கஞ்சாச் சுருட்டுத் துண்டுகளைக் கையுறை போட்டுப் பொறுக்குவாள். ரொறொன்ரோவில் இருக்கும் அவளுடைய தம்பி எட்டு வருடமாக ஒரு அறையைவிட்டு வெளியே வருவதில்லை. இந்தச் சனியன்தான் அவனுடைய புத்தியைக் கலக்கியது என்று அவள் உறுதியாக நம்பினாள்.

அவளிடம் இதை எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்றில்லை. அவரைப் பார்க்கிற அந்தப் பார்வை போய்விடும். அதற்குத்தான் செபஸ்ரியன் பயந்தார். வேலையை விடுகிறேன் என்று ஆன்ட்ரியாஸிடம் ஒருமுறை போய் நின்றும் பார்த்தார்.

“அந்த ஊசியின் குணம் உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நீ போனால் இங்கே பதினொரு பேருக்கு வேலையில்லை” என்றான் அவன், கோப்பியை ஊற்றிக் கொடுத்தபடி.

வேறிடங்களுக்கு விண்ணப்பித்தார். ஐம்பத்தாறு வயதுக்காரருக்குப் பதில்கூட வரவில்லை. தன் கெட்டித்தனமே தன்னைக் கட்டிப்போட்டதை, வேலைக்குப் போகும் வழியில் ஹவுகெட்டோவில் ரயிலால் இறங்கி பஸ்ஸுக்கு நிற்கும் ஒவ்வொரு காலையும் நினைத்து மனம் புழுங்கினார்.

சோதனையும் திருத்தமுமாக நான்காவது வருடத்தில்தான் எல்லாம் முடிந்தது. முதல் இயந்திரம் கப்பலேறப் போகிறது, குடும்பத்தோடு கேக் சாப்பிட வாருங்கள் என்று ஆன்ட்ரியாஸ் எல்லோர் வீட்டுக்கும் கடிதம் போட்டான். அதை உடைத்தவள் மரியரஞ்சனி.

“என்னப்பா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை. மெசின் கனடாவுக்குப் போகுதாமே.”

“சும்மா கேக் வெட்டுறதுதானே. நீர் லீவு போட்டு வரத் தேவையில்லை.”

“பதினைஞ்சு வருசமா உங்கடை மெசினை நான் கண்ணாலை கண்டதில்லை. கட்டாயம் வாறன். மந்திரிக்காமல் கப்பல்லை ஏத்துறதோ?”

புதுக் கார் வாங்கினாலும் பங்குச் சுவாமியாரைக் கூப்பிட்டு, ஜெபம் சொல்லி மந்திரிக்காமல் ஓட்டாத சனம் அவர்கள். சுவாமியாருக்கு அன்று வசதிப்படவில்லை. ஒரு சின்னப் போத்தலில் தீர்த்தம் கொடுத்துவிட்டார். அதைச் சாமித்தட்டில் வைத்தாள் மரியரஞ்சனி. சொல்வதற்கு மூன்று நாள் இருந்தது. செபஸ்ரியன் மூன்று நாளும் வாயைத் திறந்து, மழையைப் பற்றிக் கதைத்தார்.

அன்று அவள் நல்ல சேலை உடுத்தி, போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“வெந்தயம் மணக்குது. ஐஸ்கிறீமுக்கு என்னத்துக்கப்பா வெந்தயம்?”

அவர் பதில் சொல்வதற்குள் தட்டு வெளியே வழுக்கி வந்தது. வரிசை வரிசையாக, விரல் நீளத்தில், நுனி முறுக்கிய வெள்ளைக் காகிதச் சுருட்டுகள். அவள் ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தாள். ஒன்பது வருடமாகப் பொறுக்கிய கை. வேறு யாரும் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஆன்ட்ரியாஸ் அருகில் வந்து, “உங்கள் கணவர் இல்லாவிட்டால் இது இல்லை” என்று பெருமையாகச் சொன்னான். அவள் கையில் போத்தலைக் கண்டு என்னவென்று கேட்டான். ஆசீர்வதித்த தண்ணீர் என்று நோர்வே மொழியான நொஸ்கில் சொன்னாள் அவள்.

“நல்லதுதானே, தெளியுங்கள்” என்றான்.

அவள் உள்ளங்கையில் தீர்த்தத்தை ஊற்றினாள். இயந்திரத்தைத் தாண்டி நடந்து வந்து, புருசனின் தலையில் வைத்தாள். அது நெற்றியால் வழிந்து அவருடைய மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. தமிழருடைய வழக்கம் போலும் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

திரும்பும்போது ரயிலில் செபஸ்ரியன் மெல்லத் தொடங்கினார். “ரஞ்சி, நான் உமக்குச் சொல்லத்தான் நினைச்சனான்.”

“நாலு வருசமாவோ?” என்றாள். எத்தனை வருடமென்று முதலாளியிடம் கேட்டறிந்திருக்கிறாள்.

ஞாயிறு பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது, பாடகர் குழுவிலுள்ள ஒருத்தி கேட்டாள்: “என்னக்கா, ஐஸ்கிறீம் மெசின் கப்பலேறிட்டுதாமே?”

செபஸ்ரியன் கோப்பையைக் கீழே வைத்தார். இதோ உடைபடப் போகிறது, உடைந்து தொலையட்டும் என்று மனம் உண்மையாகவே ஏங்கியது.

“ஓம். நல்ல மெசின்” என்றாள் மரியரஞ்சனி, அவரைப் பார்க்காமல்.

இதுவரை அந்த இரகசியத்துக்குள் அவர் தனியாக அடைபட்டிருந்தார். இப்போது அவளையும் உள்ளே இழுத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை ஆறு மணியாகியும் மஞ்சள் சட்டை கொழுவியிலேயே தொங்கியது. அவள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“நேரமாச்செல்லே. நீர் போகேல்லையோ?”

“என்ன முகத்தோடை போய் அந்தப் பிள்ளையளோடை கதைக்கிறது?”

மேசையில் அவளுடைய தொலைபேசி அடித்தது. நிலையத்தில் காத்துநிற்கும் பெற்றோரில் ஒருத்தி. மரியரஞ்சனி கத்தியை வைக்காமல் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்குச் சுகமில்லையெண்டு சொல்லுங்கோ.”

செபஸ்ரியன் தொலைபேசியை எடுத்து, மனைவிக்குச் சுகமில்லை என்று நொஸ்கில் சொன்னார். இந்த நான்கு வருடத்தில் அவர் வாய் திறந்து சொன்ன முதல் பொய் அதுதான்.