என் வாயில் வந்த அபத்தம்

போன வாரம் சித்தூரில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், "எனக்கு ஐம்பது வயசு சார்" என்று ஆரம்பித்தார். சும்மாதான் திரும்பிப் பார்த்தேன். "ஐம்பத்தாறு..." என்று திருத்திக்கொண்டு பிரியாணிக்குள் குனிந்துவிட்டார்.

என்னைக் கண்டு ஏன் இந்தப் பயம்? சொல்கிறேன்.

கல்யாணப் பெண் கிருபா, என் மனைவியின் தங்கை மகள். சித்தூரில் மிஷன் ஸ்கூல் டீச்சர். அப்பா இல்லாத பெண். அதனால் நாலு மாதம் முன்பு, மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் 'பெரிய மனிதராக' உட்கார, மெட்ராஸிலிருந்து என்னை டிரங்க் கால் போட்டுக் கூப்பிட்டார்கள். எனக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. உட்காருவதற்குத் தெலுங்கு எதற்கு?

திருப்பதியிலிருந்து மாப்பிள்ளை ஜான்சனும் அவன் அப்பா ரத்னம் மாஸ்டரும் வந்தார்கள். ஜெபம் முடிந்தது. காபி வந்தது. பையனையே பார்த்துக்கொண்டு கிருபா கதவருகில் நின்றாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்பது எனக்கே புரிந்தது!

ரத்னம் மாஸ்டர் தெலுங்கு வாடையடிக்கும் தமிழில் ஆரம்பித்தார். "பையன் பி.ஏ. பாஸுங்க. ஆனா வேலை பங்காருபாளையத்துல, மாங்கா மண்டியில. உங்க பொண்ணு டீச்சரு. இவன் கம்மின்னு நினைச்சுக்கினு இருப்பீங்க..."

சே, நாங்களா அப்படி நினைப்போம்? நான் பதறிப்போய்ச் சொன்னேன்: "அபத்தம்! சுத்த அபத்தம்!"

ரத்னம் மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அபத்தமா? எவரு அபத்தம் செப்பிந்தி?"

நான் இன்னும் அன்பாகச் சிரித்தேன். "நீங்க சொன்னதுதான் சார்!"

மனுஷர் எழுந்தேவிட்டார். குடையை எடுத்தார். "லே ரா, போதாம்" என்று பையனைக் கூப்பிட்டார். என் மைத்துனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஆனால் பையன் எழுந்திருக்கவில்லை.

"உக்காரு நைனா. அவருக்கு எப்பிடியோ தெரிஞ்சுபோச்சு." என் பக்கம் திரும்பினான். "நான் பி.ஏ. பாஸ் பண்ணலீங்க. இங்கிலீஷ் பேப்பர் போயிடுச்சு. ரெண்டு வாட்டி எழுதிட்டேன். டீச்சர் பொண்ணு வேணாம்னு சொல்லிடும்னு பயந்துக்கினு நைனா அப்பிடிச் சொல்லிட்டாரு."

ரத்னம் மாஸ்டர் நாற்காலியில் சரிந்தார். குடை மட்டும் கையில் நின்றது.

கதவருகிலிருந்து கிருபாவின் குரல். "மூணாவது வாட்டி எழுதுவீங்களா?"

"எழுதறேன்."

"நான் சொல்லித் தரேன். அம்மா, காபி ஆறிப்போச்சு. வேற போடு."

அவ்வளவுதான். கல்யாணம் நிச்சயம்!

பிறகு அடுக்களைக்குள் என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் கிருபாதான் விளக்கினாள். நம் ஊரில் அபத்தம் என்றால் உளறல். அங்கே தெலுங்கில் அபத்தம் என்றால்... பொய். வீடு தேடி வந்த சம்பந்தியை, அவர் கையில் காபியையும் கொடுத்து, 'பொய், சுத்தப் பொய்' என்றிருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். ரீல், கப்சா, புருடா, டூப் - பொய்க்குத்தான் நாம் எத்தனை செல்லப்பெயர் வைத்திருக்கிறோம்! 'ரீல் விடாதே' என்றால் விடுகிறவரும் சேர்ந்து சிரிப்பார். இன்னும் நாலு ரீல் விடுவார். பொய்யைப் பொய் என்று முகத்துக்கு நேரே சொல்ல நமக்கு ஏது தைரியம்? எனக்கும் இல்லை. தெரியாமல் சொன்னதால் தப்பித்தேன்.

ரத்னம் மாஸ்டர் மறக்கவில்லை. போன வாரம் கல்யாணத்தில் ஒவ்வொரு சொந்தக்காரரையும் என் முன்னால் நிறுத்தி, "இவரு முன்னால அபத்தம் நடக்காது. முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவாரு" என்று அறிமுகம் செய்தார். நானும் கழுத்தில் மாலையோடு, எல்லாம் அறிந்தவன் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

மனசு உறுத்தியது. புறப்படும்போது கிருபாவைத் தனியே கூப்பிட்டு, "மாப்பிள்ளைகிட்டயாவது உண்மையைச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன்.

"ஐயோ பெரியப்பா, வேணவே வேணாம். அந்தப் பயம் கொஞ்ச நாள் இருந்துக்கினு போகட்டும்!"