அண்ணன் தூக்காத தூம்பா

அண்ணனின் ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கு வணக்கம். "அன்பே உருவானவர், குணக்குன்று" என்று நாலு வரி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டீர்கள். எழுத மாட்டேன். தன்னைப் பற்றிய பொய்யை அண்ணனே பொறுக்கமாட்டார். அவருடைய மனைவியான மச்சாளிடம் மட்டும் ஒரு சொல் கேட்டேன்.

"எழுது கா. மறைச்சு என்னத்துக்கு?" என்றார்.

அண்ணன் மட்டக்களப்பு நகரில் வாவிக்கரையோரம் பிறந்தவர். அப்பா இளவயதிலேயே கண்மூடியதால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மீன்பிடிக்கத் தோணியில் ஏறினார். எங்களுக்குச் சோறு போட்டவர் அவர்தான். தன்னாமுனையில் திருமணம் முடித்து, நமது வழக்கப்படி மச்சாளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில் போய்க் குடியிருந்தார். மச்சாளின் வீட்டிலேயே இருந்துகொண்டு, குடித்துவிட்டு வந்து அவரையே அடித்தார். கேட்காத காது இல்லை. "குடும்பமெண்டா அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பார்த்தீர்கள்.

ஒரு தவக்காலத்தில் மச்சாளின் வலக்கையை முறித்தார். அதே அண்ணன்தான் பெரிய வெள்ளியன்று வெள்ளை உடுத்து, ஆண்டவரின் சுரூபத்தைக் கிடத்திய தூம்பாப் பெட்டியைச் சுமப்பவர். ஆண்டுதோறும் முன்வரிசைத் தோள் அவருடையது. பலசாலி என்று நீங்கள்தான் அவரை முன்னுக்கு நிறுத்தினீர்கள். அந்தத் தோளோடு சேர்ந்த கை வீட்டில் என்ன செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று சனங்கள் வரிசையாக வந்து ஆண்டவரின் பாதத்தில் உதடு பதித்து முத்தி செய்தார்கள். அண்ணன் தூம்பாவின் அருகே நின்றார். மச்சாள் வந்தார். வலக்கை கட்டுப்போட்டுத் தொங்கியதால் இடக்கையால் சிலுவை அடையாளம் போட்டுக் குனிந்தார். பழக்கமில்லாத கை தடுமாறியது. அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் கிடந்த ஆண்டவரின் ஆணி துளைத்த கையைப் பார்த்தார்.

தூக்கும் நேரம் வந்தபோது விலகி நின்றுவிட்டார். "நான் தூக்க மாட்டன். இந்தக் கையால தொட மாட்டன்" என்று கோயில் முழுக்கக் கேட்கச் சொன்னார். வெறியில் உளறுகிறார் என்று ஏசினீர்கள். அன்று அவர் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை.

ஆண்டவர் தன்னோடு பேசினார் என்று அண்ணன் ஒருநாளும் பெருமையடிக்கவில்லை. "அண்டைக்குத்தான் அவர் என்னப் பார்த்தவர்" என்பார், அவ்வளவுதான். அதன்பின் அவ்வீட்டுக்குள் போத்தல் நுழையவில்லை. மச்சாளின் கை பொருந்தியும் நேராக நீளவில்லை. தலைக்கு மேலே எழவும் இல்லை. ஆகவே அண்ணனே காலையில் மீன் கொடுத்துவிட்டு வந்து அவருக்குத் தலை வாரிப் பின்னிவிடுவார். அடித்தபோது வாய் திறக்காத நீங்கள், பின்னியபோது சந்தியில் நின்று சிரித்தீர்கள். "பொண்டாட்டிக்குச் சடை பின்னுறவன்" என்று பட்டமும் வைத்தீர்கள்.

தூம்பா தூக்க ஆள் குறையும்போதெல்லாம் அவரை வந்து கூப்பிட்டீர்கள். "அவ ஒரு சொல்லு, தூக்குங்க எண்டு சொல்லட்டும். மறுகா தூக்குறன்" என்றார். மச்சாளை நெருக்கினீர்கள். அவர் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அண்ணனும் ஒருநாளும் அவரைக் கேட்கவில்லை. பழைய குடி ஈரலைத் தின்றுவிட, அண்ணன் பாயில் விழுந்து சாகும்வரை அந்தச் சொல் வரவில்லை.

அடக்க நாளன்று என்ன நடந்தது? குழி வெட்டுவோருக்கும் பெட்டி தூக்குவோருக்கும் சாராயம் கொடுப்பது வழக்கமென்று வீட்டுப் பின்வளவில் போத்தலைத் திறந்தீர்கள். மச்சாள் எழுந்து வந்தார்.

"இந்த வளவுக்குள்ள போத்தல் வரப்படாதெண்டு சொன்ன மனிசன் இன்னும் உள்ளதான் கிடக்கிறார். எடுத்துக்கொண்டு போங்க."

"அப்ப வேற ஆக்களப் பாருங்க. நாங்க தூக்க மாட்டம்" என்று எங்கள் சித்தப்பாவின் மகன் கதிரையில் போய் இருந்தார். மற்ற ஆண்களும் இருந்தார்கள். பங்குத்தந்தை வாசலில் காத்து நின்றார்.

அந்த நேரத்தில் பெட்டி தூக்க முன்வந்த மச்சாளின் சகோதரிகளுக்கும், அண்ணனிடம் மீன் வாங்கிவந்த ஏறாவூர் முஸ்லிம் நானாவுக்கும், பொறுமையாகக் காத்திருந்த பங்குத்தந்தைக்கும், கடைசிவரை பராமரித்த தாதிமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கதிரையில் இருந்தவர்களுக்கு நன்றி இல்லை. இன்று மதியச் சாப்பாடு உண்டு. இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சாராயம் இல்லை.

அன்று பெட்டியின் தலைமாட்டுக்கு முதலில் வந்தவர் மச்சாள். அந்த வளைந்த வலக்கையாலேயே பிடியைப் பற்றினார். மறுபக்கம் நான் நின்றேன். மூடிய பெட்டியின் மேல் குனிந்து, "தூக்குங்க" என்றார். அது எங்களுக்குச் சொன்னதல்ல.