பிடிக்காத பைப்

சேரன்மகாதேவி ஆற்றங்கரைக்கு மாலையில் நடக்கப் போனபோதுதான் அவர் பழக்கமானார். மாஞ்சோலை மலை எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்துக் கீழே இறங்கி வந்தவர். சித்திரை வெயிலிலும் தலையில் கம்பளிக் குல்லா இருக்கும். எஸ்டேட் மேனேஜர் விட்டுப்போன புகையிலை பைப்பைப் பற்றவைத்து மூன்று இழுப்பு இழுப்பார். பிறகு கஷாயம் குடித்த பிள்ளை மாதிரி முகத்தைச் சுளிப்பார்.

“பிடிக்கலைன்னா விட்டுரலாம்லா அண்ணாச்சி?” என்றேன் ஒருநாள்.

“ஒரு வருசமா பழகுதேன் வே. அஞ்சு வகை புகையிலை மாத்தியாச்சு, ஒண்ணும் ஒத்து வரலை. இன்னையோட தலைமுழுகிரலாம்னு இருக்கேன். நீரும் ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துச் சொல்லும்.”

பைப்பின் முனையை வேட்டியில் துடைத்து நீட்டினார். இழுத்தேன். நனைந்த சாக்கைக் கொளுத்தித் தின்றதுபோல் இருந்தது. ஆனாலும் பைப்பின் அருமை தெரியாதவன் என்று காட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

“அருமையா இருக்கு அண்ணாச்சி” என்றேன், கண்ணில் நீர் வழிய.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்போ கோளாறு எங்கிட்டதான் இருக்கு” என்று புகையிலை டப்பாவை மறுபடி மடியில் செருகிக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அவர் விட்டுவிட்டால் நானும் தப்பிக்கலாம். அவரோ, என்னைப்போல் ரசிக்கப் பழகியே தீருவது என்று இருமி இருமி இழுத்துக்கொண்டிருக்கிறார்.